ஒரு மைக் வாங்க நான்கு மைக் வாங்கிய கதை

பாம்பனில் அப்பாவின் படகு எஞ்சின் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பகலில் அதில் கழற்றிப்போட்ட எஞ்சின் சாமான்களும் வளைந்த புரொப்பல்லர்களும் கிடக்கும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் அதுதான் எங்கள் பயிற்சி அறை. ஐந்து பேர் கொண்ட சின்ன மெல்லிசைக் குழு. நான் கிடார், சித்தப்பா மகன் பாடுவான், மற்றவர்கள் கீபோர்டு, பேஸ், டோலக். கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம், கல்யாண வரவேற்பு என்று மண்டபம் ஊரிலிருந்து தங்கச்சிமடம் வரைக்கும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். மைக்செட்டை விழாக்காரர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள். ஆனால் அதில் நமக்கென்று இரண்டு மைக் வந்தாலே பெரிய விஷயம். கிடார் ஒலியைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கு, அதாவது ஆம்புக்கு, முன்னால் வைக்க ஒன்றும் மிஞ்சாது. கூட்டத்தில் பின்வரிசைக்குக் கிடார் கேட்கவே கேட்காது. அதனால் சொந்தமாக ஒரு மைக் வாங்குவது என்று முடிவு செய்தேன். ஒன்றுதான் வாங்க முடியும், அதில் பாடவும் வேண்டும், ஆம்புக்கு முன்னால் வைக்கவும் வேண்டும். கேட்க ஆள் இல்லை. எங்கள் வீட்டில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்வார்கள், மைக்கைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது.

2023 ஏப்ரல் அது. எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். பட்டறையில் வேலை குவியும், கையில் கொஞ்சம் காசு புழங்கும், ஊர்களில் திருவிழாக்களும் வரும். கையில் காசும் முன்னால் கச்சேரியும் இருந்தால் ஆள் நிதானமாக யோசிப்பானா? மூன்று நாள் ராத்திரி செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, ஒரு கண்டென்சர் மைக்கை ஆன்லைனில் 4,600 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். வீடியோவில் எல்லாரும் தெளிவு, தெளிவு என்றுதான் சொன்னார்கள். வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேட்டபோது எனக்கும் சிலிர்த்துவிட்டது. கிடார் கம்பியில் விரல் நழுவுவது கேட்கிறது, பாடுகிறவன் மூச்சு இழுப்பது கேட்கிறது, பக்கத்து வீட்டு அக்கா மிக்சி போடுவதும் கேட்கிறது. அந்த மிக்சிச் சத்தத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மே மாதம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டி ஒரு திருவிழா. பேசியது 15,000 ரூபாய். மேடைக்குப் பின்னால் நாற்பதடியில் ஜெனரேட்டர், வலப்பக்கம் கடல், சாயங்காலத்திலிருந்தே நல்ல காற்று. என் புது மைக்குக்கு, எல்லா மைக் ஒயரும் வந்து சேரும் மிக்சரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். மைக்செட் அண்ணனிடம் சொல்லி அந்தப் பொத்தானைப் போடச் சொன்னேன். போட்டார். முதல் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே பாக்ஸில் கடல் கேட்டது. ஜெனரேட்டர் கேட்டது. மேடைக்குப் பின்னால் யாரோ சாப்பாட்டுக் கணக்குப் பேசியது கேட்டது. சித்தப்பா மகன் வாயைத் திறந்து பாட, அவன் குரல் எல்லாவற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சத்தத்தைக் கூட்டினால் மைக் ஊளையிட்டது. அந்தக் கீச்சை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். இரண்டாவது பாட்டு முடியும்போது மைக்செட் அண்ணன் மேடை ஏறி வந்து, சத்தமில்லாமல், "இது அம்புட்டையும் கேக்குது தம்பி. மேடைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, டேப் சுற்றிய தன் பழைய மைக்கை ஸ்டாண்டில் மாட்டினார். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. இவருடைய பாக்ஸ் ஓட்டை, மிக்சர் ஓட்டை, பழியை என் மைக்கில் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். கடைசியில் கமிட்டிக்காரர்கள் 9,000 கொடுத்தார்கள். மீதி 6,000-ஐப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற முகம் இல்லை. சித்தப்பா மகன் ஒரு வாரம் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

அவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் விஷயமெல்லாம் இருந்தது என்று புரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கண்டென்சர் மைக் கெட்ட சாமான் இல்லை. அதன் உள்ளே இருக்கும் தகடு மிக மெல்லியது, சின்ன அசைவுக்கும் துடிக்கும், அதனால்தான் அவ்வளவு நுட்பமாகக் கேட்கிறது. அமைதியான அறையில் அது வரம். கடற்கரை மேடையில் நாம் கேட்க விரும்பாதது எல்லாம் நாம் கேட்க விரும்புவதைவிட சத்தமாக இருக்கிறது. அங்கே நமக்கு வேண்டியது வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை முக்கியமாக எடுத்துக்கொண்டு தூரத்தில் இருப்பதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாமல் விடும் மைக். டைனமிக் மைக் அப்படிப்பட்டது. ஸ்பீக்கரை நீங்கள் பிரித்துப் பார்த்திருந்தால் இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஒரு காந்தம், அதற்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு மெல்லிய சவ்வு. ஸ்பீக்கரில் மின்சாரம் போய் சத்தம் வரும், இதில் சத்தம் போய் மின்சாரம் வரும். சுருளையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் சவ்வு கொஞ்சம் சோம்பேறி. அந்தச் சோம்பலும் மேடையில் நமக்கு லாபம். 48 வோல்ட்டும் தேவையில்லை. மிக்சரில் அது போட்டிருந்தாலும் ஒயர் சரியாக இருக்கும்வரை டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று மட்டும் உண்டு. இதிலிருந்து வரும் மின்சாரம் மிகக் குறைவு, அதனால் மிக்சரில் மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். மட்டமான மிக்சராக இருந்தால் அப்போது 'உஸ்' என்று இரைச்சல் வரும். அதைக் கேட்டுவிட்டு மைக்கைத் திட்டாதீர்கள்.

ஆனால் இதெல்லாம் தெரிந்து நான் இரண்டாவது மைக்கை வாங்கவில்லை. அந்த அண்ணன் மாட்டிய பழைய மைக்கின் உருண்டைத் தலையைப் பார்த்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். தேடியபோது ஷூர் எஸ்எம்58 என்று தெரிந்தது. 1966-இல் வந்த மைக், இன்னும் அதே வடிவத்தில் விற்கிறது, உலகம் முழுக்க மேடைகளில் அதுதான். சரி, இதையே வாங்கிவிடலாம் என்றால் விலை பத்தாயிரத்தை ஒட்டி நின்றது. அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க் கடைத்தெருவில் ஒரு கடையில் அதே மைக் அதே பெட்டியோடு 3,200 ரூபாய்க்குக் கிடைத்தது. "ஆஃபர் தம்பி, ஸ்டாக் முடியுது" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன், வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்த சந்தேகத்தை நானே அமுக்கிவிட்டேன், ஏனென்றால் அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கொட்டகையில் பாடிப் பார்த்தபோது மோசமில்லை. கையில் பிடித்து நகர்த்தினால் மட்டும் 'தொம் தொம்' என்று கேட்டது. கிடார் ஆம்புக்கு முன்னால் வைத்தபோதுதான் குட்டு உடைந்தது. தகர டப்பாவுக்குள் தேனீ மாட்டிக்கொண்டது போல ஒரு ஒலி. ஆம்ப் சத்தமாகப் போனால் பிசிறியது. நல்ல டைனமிக் மைக் ஆம்புக்கு ஒட்டி வைத்தாலும் அசராது, கிடார் ஆம்புக்கு அதைத் தேடிப் போவதற்கே அதுதான் காரணம். ஒரு நாள் அத்தை கருவாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது சும்மா அந்த மைக்கை டிஜிட்டல் தராசில் வைத்தேன். 226 கிராம் காட்டியது. கம்பெனி சொல்லும் எடை 298 கிராம். அசலில் கைப்பிடிக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, நான் வாங்கியதில் தலையைத் திருகிக் கழற்றிப் பார்த்தால் முடி மாதிரி இரண்டு ஒயரும் கொஞ்சம் பசையும் தவிர பெரிதாக எதுவும் தெரியவில்லை. எடை சரியாக இருப்பதால் மட்டும் ஒன்று அசலாகிவிடாது, ஆனால் இவ்வளவு குறைந்தால் அசல் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அத்தை, "எம்புட்டுக்கு வாங்குன?" என்று கேட்டாள். சொன்னேன். "இந்த எடைக்கு நெத்திலிக் கருவாடே தரலாமே" என்றாள். ஐப்பசி மழை வந்தபோது அதன் வலைத் தலையில் துருப்புள்ளிகள் விழுந்தன, கார்த்திகைக்குள் குரல் அடைத்துக்கொண்டது. பேர்போன மைக் எதுவானாலும் அதற்குப் போலி இருக்கும். பாதி விலைக்கும் கீழே புதுசு கிடைத்தால் கையை எடுத்துவிடுங்கள். கம்பெனியின் விற்பனையாளர் என்று உறுதியான கடையில், ஜிஎஸ்டி பில்லோடும் வாரண்டி அட்டையோடும் மட்டும் வாங்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் போலி எஸ்எம்58-ஐவிட, தன் சொந்தப் பேரில் விற்கும் மலிவான டைனமிக் மைக் எத்தனையோ மேல். பேரிங்கர் எக்ஸ்எம்8500 மாதிரி மைக்குகளில் ஆரம்பித்து நன்றாகவே பாடுகிற ஆட்களை நான் பிறகு பார்த்தேன்.

மூன்றாவதை நினைத்தால்தான் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை, ஏனென்றால் அது நல்ல மைக். 2024 தையில், இரண்டு முறை அடிபட்ட வெறியில், இனி மலிவே வேண்டாம் என்று ஒரு சூப்பர்கார்டியாய்டு டைனமிக் மைக் வாங்கினேன். இந்த முறை பில்லோடு. முன்னால் வருவதை அதிகமாகக் கேட்கும் சாதாரண கார்டியாய்டு மைக்கைவிட இது முன்பக்கத்தை இன்னும் குறுகலாகக் கேட்கும், அதனால் ஊளை குறையும் என்று படித்திருந்தேன். படித்தது உண்மைதான். பாதியில் நிறுத்திவிட்டேன் என்பதுதான் தப்பு. அதை எடுத்துப் போன மூன்று கச்சேரியிலும் ஊளையிட்டது. வழக்கம்போல பாடுகிறவனின் காலடியில், மைக்கின் வாலுக்கு நேர் எதிரே, அவன் தன் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் பாக்ஸை வைத்தோம். கார்டியாய்டு மைக்குக்கு அதுதான் சரியான இடம், அதன் முதுகுதான் செவிடு. சூப்பர்கார்டியாய்டுக்கு முதுகு செவிடு இல்லை. நேர் பின்னாலிருந்து வருவதைக் கொஞ்சம் கேட்கும். அதன் செவிட்டுப் பகுதி முகத்திலிருந்து சுமார் 126 டிகிரியில், இரண்டு பக்கமும் சாய்வாக இருக்கிறது. மானிட்டரைக் கொஞ்சம் இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி வைத்திருந்தால் போதும். பெட்டிக்குள் இருந்த தாளில் அந்தப் படம் வட்டமாகப் போட்டிருந்தது. நான் அந்தத் தாளை எஞ்சின் ஆயில் துடைக்கப் பயன்படுத்தியிருந்தேன். மைக்கை 2,500 ரூபாய் நஷ்டத்துக்கு விற்றேன். வாங்கியவர் ராமநாதபுரத்தில் ஒரு பாட்டுக்குழுவில் இன்னும் அதில்தான் பாடுகிறார், ஊளை ஒன்றும் இல்லை. ஷூர் பீட்டா 58ஏ, சென்ஹைசர் இ945 எல்லாம் சூப்பர்கார்டியாய்டு ஜாதிதான். எஸ்எம்58, இ835, இ935 கார்டியாய்டு. வாங்குவதற்கு முன்னால் இந்த ஒன்றை மட்டுமாவது பாருங்கள், உங்கள் மேடையில் மானிட்டர் எங்கே வைக்க முடியும் என்பதையும் யோசியுங்கள். சின்ன மேடையில் ஒரே ஒரு மானிட்டர் காலடியில் என்றால் கார்டியாய்டு நிம்மதி.

இதில் சித்தப்பா மகனுக்கும் பங்கு உண்டு. அவன் உணர்ச்சி ஏறினால் மைக்கின் உருண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வான். தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியது. அந்த உருண்டையின் பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கும் வழிகளாலும் காற்று உள்ளே போய்த்தான் மைக் பின்னால் வரும் சத்தத்தைக் கழிக்கிறது. அதைக் கையால் மூடினால் மைக்குக்கு முன் எது பின் எது என்று தெரியாமல் போய்விடும், எல்லாப் பக்கமும் கேட்கும், உடனே ஊளை. எவ்வளவு விலை கொடுத்த மைக்காக இருந்தாலும் இதே கதைதான். இதை அவனுக்குப் புரியவைக்க ஒரு மாசம் சண்டை.

அந்த வருஷ நடுவில் நான் விட்டுவிடலாம் என்றே இருந்தேன். கணக்குப் பார்த்தால் முதல் மைக் 4,600, கைவிட்டுப் போன சம்பளம் 6,000, போலி 3,200, விற்ற நஷ்டம் 2,500. மொத்தம் 16,300 ரூபாய். ஒன்றரை அசல் மைக்கின் காசு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் பரோட்டா வாங்கிக்கொண்டு, ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அந்த மைக்செட் அண்ணனின் குடோனுக்குப் போனேன். என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, நேராக, "எனக்கு ஒரு மைக் வாங்கணும்ணே" என்றேன். "இப்ப எத்தனாவது?" என்றார்.

அன்றைக்கு ராத்திரி பதினொரு மணி வரை அவர் சொன்னதுதான் இதில் பாதிக்கு மேல். முதலில் என் ஒயர்களை எடுத்துப் பார்த்தார். முனையில் இருந்த மூன்று ஊசியும் பச்சைக் களிம்பு பூத்திருந்தன. சில நாள் 'கரகர' என்று வந்த சத்தத்துக்கு நான் மைக்கைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். உப்புக் காற்று எங்கள் பக்கம் இரும்பையே தின்னும், ஒயர் முனையை விடுமா? பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிட்டார்கள், அப்படிப்பட்ட காற்றில் உப்பும் மணலும் சேர்ந்துதான் வரும். அப்புறம், ஒரு பக்கம் மூன்று ஊசி உள்ள எக்ஸ்எல்ஆர் முனையும் மறுபக்கம் கிடார் ஒயரில் இருப்பது போன்ற பி38 மோனோ முனையும் வைத்த என் ஒயரைத் தூக்கி மூலையில் போட்டார். எக்ஸ்எல்ஆர் ஒயரில் இரண்டு கம்பியில் ஒரே ஒலி எதிரெதிராகப் போகிறது, வழியில் நுழையும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் ஏறி, மிக்சரில் கழிந்துவிடும். மோனோ முனை போட்டால் அந்த வசதி போச்சு. நீள ஒயரில் ஜெனரேட்டர் 'ம்ம்ம்' என்று கேட்பது அதனால்தான். இரண்டு நல்ல ஒயர் சேர்ந்தே 1,400 ரூபாய்தான் ஆனது. அதை முதலிலேயே செய்திருந்தால் பாதிச் சந்தேகம் வந்திருக்காது.

பிறகு அவர் சொன்னது: "கடைக்குப் போனா உன் ஆம்பையும் தூக்கிட்டுப் போ, பாடுறவனையும் கூட்டிட்டுப் போ. படிச்சு வாங்காத." அப்போது பாம்பனுக்கு ரயில் கிடையாது, 2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ஓட்டம் நின்றுபோய், புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள். பஸ்ஸில்தான் போனோம். ஆம்பை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றதற்குக் கண்டக்டர் ஒத்துக்கொள்ளவில்லை, லக்கேஜ் டிக்கெட் போட்டார். மதுரையில் கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்த்தாலும் பிறகு அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. எஸ்எம்58, எஸ்எம்57, இ835 மூன்றையும் வரிசையாக வைத்துக் கேட்டோம். இதில் ஒரு பொறி இருக்கிறது, எச்சரிக்கை. கொஞ்சம் சத்தமாகக் கேட்கும் மைக் நம் காதுக்கு எப்போதுமே நல்ல மைக்காகத்தான் தெரியும். ஒவ்வொரு மைக்கும் ஒரே குமிழ் அளவில் வேறு வேறு சத்தம் கொடுக்கும். அதனால் மாற்றும்போதெல்லாம் கெயினைத் திருப்பி ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்க வேண்டும். அப்படிச் செய்யாமல் கேட்டபோது எங்களுக்கு ஒன்று பிடித்தது, சமப்படுத்திக் கேட்டபோது வேறொன்று பிடித்தது. வாய்க்கு ஒட்டிப் பாடு, ஒரு சாண் தள்ளிப் பாடு, தலையைத் திருப்பிப் பாடு, மைக்கின் முதுகில் நின்று பாடு என்று சித்தப்பா மகனை ஆட்டி வைத்தேன். மைக்குக்கு மிகப் பக்கத்தில் போனால் அடித்தொனி ஊதிப் பெருக்கும். அவன் குரல் மெலிசு, அவனுக்கு அது நல்லது. கட்டைக்குரல்காரருக்கு அதுவே குழப்பிவிடும். இ835-இல் மேல்ஸ்தாயி கொஞ்சம் திறந்திருந்தது, பாட்டுக்கு மட்டும் என்றால் அதை எடுத்திருப்பேனோ என்னவோ.

எடுத்தது எஸ்எம்57, கூடவே மேலே மாட்டும் பஞ்சுத் தொப்பி. மைக் மட்டும் 9,900. 57-க்கும் 58-க்கும் உள்ளே இருக்கும் காதின் அடிப்படை வடிவம் ஒன்றுதான், யூனிடைன் த்ரீ என்று பேர். 57 வந்தது 1965-இல், ஒரு வருஷம் மூத்தது. வித்தியாசம் பெரும்பாலும் தலையில். 58-இல் உருண்டை வலையும் உள்ளே பஞ்சும் இருப்பதால் 'ப', 'பா' என்று காற்று அடிக்கும் எழுத்துகளைத் தாங்கும், வாய் கொஞ்சம் தள்ளியே நிற்கும். 57-க்குத் தலை தட்டை, ஆம்பின் ஸ்பீக்கரை மூடியிருக்கும் துணிக்கு ஒட்டி வைக்கலாம், டோலக்கின் தோலுக்குப் பக்கத்தில் நுழைக்கலாம். பஞ்சுத் தொப்பி போட்டால் பாடவும் முடியும். அமெரிக்க ஜனாதிபதிகள் பேசும் மேடையில் பல வருஷங்களாக இருக்கும் இரட்டை மைக் இதுதான் என்று கடைக்காரர் சொன்னதும் சித்தப்பா மகனுக்கு மறுபேச்சு இல்லை. எங்களுக்கு வேலை பாதி பாட்டு, பாதி ஆம்ப் என்பதால் 57. முக்கால் பங்கு பாட்டு, எப்போதாவதுதான் ஆம்ப் என்றால் 58-ஐ எடுங்கள், அதன் முன்னால் கிடார் ஆம்ப் நன்றாகவே கேட்கும்.

ஆம்புக்கு முன்னால் வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் மைக்கை மாற்றியதால் வந்த வித்தியாசத்தைவிட மைக்கை இரண்டு விரல் நகர்த்தியதால் வந்த வித்தியாசம் பெரிது. முதலில் டார்ச் அடித்து, துணிக்குப் பின்னால் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல ஆம்புகளில் அது பெட்டியின் நடுவில் இருப்பதில்லை. நான் ஆறு மாசம் வெறும் பலகைக்கு முன்னால் மைக் வைத்திருந்தேன். ஸ்பீக்கரின் நட்டநடுவில் இருக்கும் மூடிக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாக, சில சமயம் காதைக் குத்தும்படி வரும். ஓரத்துக்குப் போகப் போக மெத்தென்று ஆகும், ரொம்பப் போனால் மந்தம். மூடி முடிந்து கூம்பு ஆரம்பிக்கும் விளிம்பில் வைத்துத் தொடங்குங்கள், துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி. அங்கிருந்து ஒருவர் மைக்கை அங்குலம் அங்குலமாக நகர்த்த, இன்னொருவர் தூரத்தில் பாக்ஸ் பக்கம் நின்று கேட்க வேண்டும். ஆம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டால் ஆம்பைத்தான் கேட்பீர்கள், மைக்கைக் கேட்க மாட்டீர்கள். நல்ல இடம் கிடைத்ததும் துணியில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். எங்கள் ஆம்பில் அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது. மைக்கைத் தொங்கவிட்டு ஒயரில் ஆடவிடுவதைச் சில இடங்களில் பார்த்தேன். கூட்டத்தில் யாராவது ஆம்பில் இடித்தால் புள்ளி மாறிவிடும். 57-ஐச் சின்ன ஸ்டாண்டில் வையுங்கள். தொங்கவிடத்தான் வேண்டும் என்றால் சென்ஹைசர் இ609 மாதிரி தட்டையாக அதற்கென்றே செய்த மைக் உண்டு.

காற்றுக்கு மிக்சரில் அடித்தொனியை வெட்டும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். பாடும்போது அதைப் போட்டு, பஞ்சுத் தொப்பியும் மாட்டினால் எங்கள் பக்கத்துப் பலத்த கச்சான் காற்றில்கூடச் சமாளிக்கலாம். சாதாரணக் கல்யாண மண்டபத்தில் இது தேவைப்படாது. கச்சேரி முடிந்ததும் மைக்கைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டிபன் டப்பாவில் வைக்கிறேன். பஞ்சுத் தொப்பியைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கிறேன், ஈரத்தோடு மாட்டுவதில்லை. ஒயரின் ஊசிகளை மாசம் ஒருமுறை துடைக்கிறேன்.

இன்னொன்று, இது எங்களைப் போல பட்டறைக்குப் பின்னால் பாடுகிறவர்களுக்கு மட்டும். மைக்குக்குள் இருப்பது காந்தம். அப்பா கிரைண்டர் போட்ட நாளில் மைக்கை மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் பார்த்தால் தலையில் மீசை முளைத்த மாதிரி இரும்புத்தூள். உள்ளே போனால் சவ்வில் ஒட்டிக்கொள்ளும், எடுக்க முடியாது. டேப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தேன், தப்பித்தது. அன்றிலிருந்து டிபன் டப்பா கொட்டகையில் இருப்பதில்லை, வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

முதலில் வாங்கிய கண்டென்சர் மைக்கை நான் விற்கவில்லை. போன வருஷம் ஆச்சியின் தாலாட்டை வீட்டுத் திண்ணையில் அதில்தான் பதிவு செய்தேன். பின்னால் அலைச் சத்தம் வருகிறது, எங்கோ ஒரு வல்லம் கிளம்புகிறது, ஆச்சி மூச்சு வாங்குகிறாள். ஒன்றையும் வெட்டவில்லை.

பேஸ் ஆம்புக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. 57 அங்கே அவ்வளவாக எடுபடவில்லை, அடித்தொனி இளைத்துப்போய்க் கேட்கிறது, இப்போதைக்கு ஆம்பின் பின்னாலிருந்து நேராக ஒயர் போட்டு மிக்சருக்குக் கொடுக்கிறோம். பெரிய அடித்தொனி மைக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மைக்செட் அண்ணன், "வாங்கறதுக்கு முன்னாடி குடோனுக்கு வந்துட்டுப் போ" என்று சொல்லியிருக்கிறார். இப்போது புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. பேஸ் ஆம்ப் இருபது கிலோ, அதைத் தூக்கப் போவது யார் என்பதில்தான் கொட்டகையில் பேச்சு நிற்கிறது.